எச்-4ல் இருக்கும் மகளுக்கு அமெரிக்கத் தனியார் பல்கலைக்கழகத்தில் மெரிட் ஸ்காலர்ஷிப்: எங்கே கிடைக்கும், எப்படி வாங்குவது?

எடிசன்_அப்பா:

வணக்கம். நியூ ஜெர்சியில் இருக்கிறோம். மகள் வரும் செப்டம்பரில் 11ஆம் வகுப்பு போகிறாள். நான் எச்-1பி வேலை விசா, கிரீன் கார்டுக்காகக் கம்பெனி போட்ட ஐ-140 மனு அப்ரூவ் ஆகி வரிசையில் கிடக்கிறது. கிரீன் கார்டு விண்ணப்பமான ஐ-485 இன்னும் போட முடியவில்லை. மகள் எச்-4, அதாவது என்னைச் சார்ந்தவருக்கான விசா. வீட்டு வருமானம் இருவருக்கும் சேர்த்து ஆண்டுக்கு 2,60,000 டாலர் அளவில். பயோமெடிக்கல் இன்ஜினியரிங் அல்லது கம்ப்யூட்டர் சயின்ஸ் என்கிறாள். வெயிட் சேர்க்காத ஜிபிஏ (கடினமான பாடத்துக்குக் கூடுதல் புள்ளி சேர்க்காத பள்ளிச் சராசரி) 3.95, கல்லூரிச் சேர்க்கைத் தேர்வான எஸ்ஏடியின் பயிற்சியில் 1490 வருகிறது.

நல்ல தனியார் பல்கலைக்கழகங்களில் டியூஷன், ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 90,000 டாலரைத் தாண்டுகிறது. எங்களால் ஆண்டுக்கு 40,000 வரை கொடுக்க முடியும், கடன் வாங்குவதாக இல்லை. மீதியை மெரிட் ஸ்காலர்ஷிப்பில், அதாவது வருமானம் பார்க்காமல் திறமைக்காகக் கொடுக்கும் பணத்தில், ஈடுகட்ட முடியுமா? எச்-4 என்பதால் எந்தெந்தக் கதவு மூடும்? இந்த ஒரு வருடத்தில் எதை எந்த மாதத்தில் செய்ய வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:

பேர் பெற்ற பல்கலைக்கழகம் வேறு, மெரிட் பணம் கொடுக்கிற பல்கலைக்கழகம் வேறு. முதலில் இதைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஐவி லீக் எட்டும் மதிப்பெண்ணுக்கென்று ஒரு டாலர்கூடக் கொடுப்பதில்லை. எம்ஐடி, கால்டெக், வில்லியம்ஸ், ஆம்ஹர்ஸ்ட் எல்லாம் அதே வழி. ஸ்டான்ஃபோர்டிலும் விளையாட்டு ஸ்காலர்ஷிப்பை விட்டுவிட்டால் அதே கதைதான். இங்கெல்லாம் வருமானத்தையும் சொத்தையும் பார்த்துக் கொடுக்கும் உதவி மட்டுமே. அதற்காக இவற்றை அடியோடு ஒதுக்கிவிட வேண்டாம். ஹார்வர்டும் எம்ஐடியும் 2025 இலையுதிர் பருவத்திலிருந்து 2,00,000 டாலருக்குக் கீழே உள்ள குடும்பங்களுக்கு டியூஷனை முழுவதுமாக விட்டுக்கொடுக்கின்றன, வெளிநாட்டு மாணவர்களுக்கும் அதே கணக்கில்தான் உதவி. நீங்கள் அந்தக் கோட்டுக்குக் கொஞ்சம் மேலே இருக்கிறீர்கள். ஓரளவு கிடைக்கலாம். ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் இணையதளத்திலும், உதவி போக நீங்கள் கட்ட வேண்டியதைக் கணக்கிட்டுக் காட்டும் நெட் பிரைஸ் கால்குலேட்டர் இருக்கும், 2011 முதல் சட்டப்படி கட்டாயம். கையில் டபிள்யூ-2 சம்பளப் படிவம், வங்கிக் கணக்கு, வீட்டுக் கடன் விவரங்களை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்காருங்கள். ஜிபிஏவும் எஸ்ஏடியும் கேட்கிற கால்குலேட்டர் என்றால் மெரிட் பணமும் அந்த விடைக்குள்ளேயே வந்துவிடும்.

அடுத்தது இதைவிட முக்கியம். பல்கலைக்கழகம் மெரிட் பணத்தை எதற்குக் கொடுக்கிறது? வேறு இடத்துக்குப் போய்விடக்கூடிய பிள்ளையைத் தன் பக்கம் இழுக்க. அப்படியானால் உங்கள் மகள் எந்த இடத்தில் சராசரி மாணவியைவிடத் தெளிவாக மேலே நிற்கிறாளோ அங்கேதான் பணம். 1490 வாங்கிய பிள்ளைக்கு வாண்டர்பில்ட்டில் அது சாதாரண மார்க். அதே மார்க் பேய்லரிலும் டிரெக்சலிலும் மேல்தட்டு.

இதை ஊகத்தில் செய்ய வேண்டியதில்லை. காமன் டேட்டா செட் என்று பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் ஆண்டுதோறும் ஓர் ஆவணம் வெளியிடுகின்றன. பல்கலைக்கழகத்தின் பெயரோடு சேர்த்துத் தேடினால் பிடிஎஃப் கிடைக்கும். அதில் எச்2, எச்2ஏ என்ற இரண்டு அட்டவணைகளைத் திறங்கள். முதல் பத்தி முதலாமாண்டு மாணவர்களுக்கானது. எச்2வில் ஏ வரி மொத்த மாணவர்கள், சி வரி பண உதவி தேவை என்று பல்கலைக்கழகமே ஒப்புக்கொண்டவர்கள். எச்2ஏவில் என் வரி, தேவை இல்லாதபோதும் மெரிட் பணம் பெற்றவர்கள். ஓ வரி அவர்களுக்குக் கிடைத்த சராசரித் தொகை.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுக் காட்டுகிறேன். ஏ 1,700, சி 750, என் 190, ஓ 24,000 என்று வைத்துக்கொள்வோம். 1,700லிருந்து 750 போனால் 950. அந்த 950 பேரில் 190 பேருக்குப் பணம், அதாவது ஐந்தில் ஒருவருக்கு, சராசரி 24,000 டாலர். உங்களைப் போன்ற வருமானக் குடும்பத்துக்கு அந்த இடத்தின் உண்மையான வாய்ப்பு இதுதான். இணையதளத்தின் முகப்பில் 'எங்கள் மாணவர்களில் 80 சதவீதம் பேருக்கு உதவி' என்று போட்டிருப்பார்கள். அதில் அரசுக் கடனும் சேர்ந்திருக்கும், அதை நம்பி இறங்காதீர்கள்.

அதே ஆவணத்தில் சி9 பகுதி எஸ்ஏடி மதிப்பெண்ணின் 25ஆம், 75ஆம் சதமானத்தைச் சொல்லும். மகளின் மதிப்பெண் அந்த 75க்கு மேலே, அதாவது அங்கே சேர்ந்தவர்களில் முக்கால்வாசிப் பேரைவிட அதிகமாக, இருந்தால் அந்தப் பல்கலைக்கழகத்தைப் பட்டியலில் 'பணம் வரலாம்' என்ற பக்கத்தில் எழுதுங்கள். இரண்டுக்கும் நடுவில் இருந்தால் சேர்க்கை கிடைக்கலாம், பணத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

இந்தக் கணக்கில் பொறியியல் பக்கம் அடிக்கடி வரும் பெயர்கள்: கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ், ராச்செஸ்டர், ஆர்பிஐ (ரென்சிலர் பாலிடெக்னிக்), டிரெக்சல், மயாமி, சதர்ன் மெத்தடிஸ்ட், பேய்லர். உயரத்தில் யுஎஸ்சி (சதர்ன் கலிபோர்னியா பல்கலைக்கழகம்), பாஸ்டன், வாண்டர்பில்ட் போன்றவை குறைந்த எண்ணிக்கையில் பெரிய தொகை கொடுக்கின்றன. அவற்றைப் பற்றி விவரம் தெரிந்தவர் சொல்லட்டும்.

மரகதம்:

கணக்குப்பிள்ளை சார் சொன்னதோட எச்-4 விஷயத்தை மட்டும் நான் சேர்க்கிறேன். நம்ம ஆட்கள் அதிகம் தடுக்கி விழறது இங்கதான்.

மத்திய அரசு உதவிக்கான ஃபாஃப்ஸா படிவம் போட முடியாது. சிட்டிசன், கிரீன் கார்டு, அகதி மாதிரி சில வகைக்குத்தான் மத்திய அரசு உதவி. எச்-4க்குக் கிடையாது, அரசுக் கடனும் கிடையாது. சில மெரிட் ஸ்காலர்ஷிப்புக்கே ஃபாஃப்ஸா எண் கேட்பாங்க. அப்போ எய்டு ஆபிஸுக்கு மெயில் போட்டு, ஃபாஃப்ஸா போட முடியாத எச்-4 மாணவிக்கு பதிலா எது வேணும்னு கேளுங்க. பெரும்பாலும் சிஎஸ்எஸ் ப்ரொஃபைல்ங்கிற வருமான விவரப் படிவம் போதும்னு சொல்வாங்க. அதுக்கு சோஷியல் செக்யூரிட்டி எண் வேண்டாம், அக்டோபர் 1 வாக்கில் திறக்கும்.

எஸ்ஏடிக்கு முன்னோட்டமான பிஎஸ்ஏடி தேர்வு எழுதி, அதை வெச்சுக் கொடுக்கிற நேஷனல் மெரிட் ஸ்காலர்ஷிப் வாங்கலாம்னு நம்ம எடிசன் ஊர்ல எல்லாரும் சொல்வாங்க. உங்க பொண்ணுக்கு அது இல்ல. சிட்டிசன் அல்லது கிரீன் கார்டு வேணும். இல்லன்னா கிரீன் கார்டு விண்ணப்பம் நிலுவையில் இருந்து, சட்டம் அனுமதிக்கிற முதல் வாய்ப்பிலேயே சிட்டிசன் ஆகப்போறவங்களா இருக்கணும். ஐ-140 அப்ரூவ் ஆனது மட்டும் போதாது, ஐ-485 போட்டிருக்கணும். 2020 அக்டோபர்ல இந்தியர்களுக்கான ஈபி-3 (வேலை வழி கிரீன் கார்டு வகை ஒண்ணு) வரிசைத் தேதி 2015 ஜனவரி வரைக்கும் முன்னேறினப்போ ஐ-485 போட்டவங்க பிள்ளைங்க இன்னும் நிலுவையில் இருந்தா தாராளமா கலந்துக்கலாம். உங்க விண்ணப்பம் போடற தேதி வந்துட்டா உடனே பள்ளி கவுன்சிலர்கிட்ட சொல்லுங்க.

வெளியில நடக்கிற பெரிய ஸ்காலர்ஷிப்லயும் இதே வடிகட்டி இருக்கு. கோகோ கோலா ஸ்காலர்ஸ் எச்-4க்கு இல்ல. ஆனா ரீஜெனரான் சயின்ஸ் டேலன்ட் சர்ச் குடியுரிமை பார்க்கறதில்ல. அமெரிக்கப் பள்ளியில 12ஆம் வகுப்பு படிச்சா போதும். 300 பேருக்குத் தலா 2,000 டாலர், இறுதிச் சுற்றுக்கு 40 பேர், முதல் பரிசு 2,50,000. சொந்த ஆராய்ச்சி வேணும், அதனால 11ஆம் வகுப்பு தொடக்கத்திலேயே ஒரு ஆசிரியரோ ஆய்வகமோ பிடிச்சாத்தான் உண்டு. ஆய்வகத்துல சம்பளம் வாங்கக்கூடாது. எச்-4 பிள்ளைங்களுக்கு வேலை அனுமதி கிடையாது, தன்னார்வமா செய்யலாம்.

பல்கலைக்கழகமே கொடுக்கிற மெரிட் பணத்தை எச்-4 மாணவர் வாங்கலாம். அது சம்பளம் இல்ல. கூடவே ஏதாவது வேலை செய்யணும்னு நிபந்தனை இருந்தாத்தான் சிக்கல். இதை மனசுல வெச்சுக்கிட்டு டிரெக்சல், நார்த்ஈஸ்டர்ன் மாதிரி கோ-ஆப் பல்கலைக்கழகங்களைப் பாருங்க. படிப்போட பாதி மதிப்பே ஆறு ஆறு மாசம் சம்பளத்தோட வேலை பார்க்கிறதுலதான் இருக்கு. எச்-4ல அந்தச் சம்பளம் வாங்க முடியாது. எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறினா, படிக்கும்போதே வேலை பார்க்கிறதுக்கான சிபிடி அனுமதி வாங்கிப் போகலாம். ஆனா முழுநேர சிபிடி 12 மாசம் ஆயிட்டா படிப்பு முடிஞ்ச பிறகு கிடைக்கிற ஓபிடி வேலை அனுமதி போயிடும். மூணு கோ-ஆப் போறவங்க இதைக் கண்டிப்பா எண்ணணும்.

இன்னொன்னு, 21 வயசு. கிரீன் கார்டு வராம 21 ஆனா எச்-4 முடிஞ்சிடும். பொதுவா மூணாவது வருஷத்துல வரும். அதுக்கு முன்னாடியே ஐ-539 விசா மாற்று விண்ணப்பம் போட்டு எஃப்-1க்கு மாறணும். மாறினதும் ஸ்காலர்ஷிப் நிக்குமான்னு சேர்றதுக்கு முன்னாடியே எழுத்துல வாங்கி வெச்சுக்கோங்க. வாய் வார்த்தையா போன்ல சொன்னதை மூணு வருஷம் கழிச்சு யாரும் ஞாபகம் வெச்சிருக்க மாட்டாங்க. எச்-4 மாணவரை உள்ளூர்க் கணக்குல வெக்கிற இடமும் இருக்கு, வெளிநாட்டுக் கணக்குல வெக்கிற இடமும் இருக்கு. ஸ்காலர்ஷிப் பக்கத்துல 'சிட்டிசன் மற்றும் நிரந்தரக் குடியாளர்'னு ஒரு வரி இருக்கான்னு தேடிப் பாருங்க.

வெளிநாட்டுக் கணக்கா இருந்தா காமன் டேட்டா செட்ல எச்6 பகுதியையும் பாருங்க. வெளிநாட்டு மாணவர்களுக்குப் பணம் கொடுக்கிறாங்களா, எத்தனை பேருக்கு, சராசரி எவ்வளவுன்னு அதுல இருக்கும்.

சாரல்:

உயரத்தில் உள்ள பெரிய ஸ்காலர்ஷிப்புகளைப் பற்றிச் சொல்கிறேன்.

யுஎஸ்சியில் மெரிட்டுக்குத் தனி விண்ணப்பம் இல்லை. ஆனால் நவம்பர் 1 காலக்கெடுவுக்குள் போட்டால்தான் பெரிய தொகைக்குப் பரிசீலிப்பார்கள். ஜனவரி வரை நேரம் இருக்கிறதே என்று இருந்துவிட்டால் சேர்க்கை வரும், பணம் வராது. டிரஸ்டி ஸ்காலர்ஷிப் முழு டியூஷன், பிரசிடென்ஷியல் பாதி டியூஷன். வெளிநாட்டு மாணவர்களையும் எடுத்துக்கொள்கிறார்கள். தேர்வாகும் நிலையில் இருப்பவர்களை நேர்காணலுக்குக் கூப்பிடுவார்கள்.

பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் டிரஸ்டி முழு டியூஷன், பிரசிடென்ஷியல் ஆண்டுக்கு 25,000 டாலர். இரண்டுக்கும் டிசம்பர் 1. டிரஸ்டிக்குக் கூடுதல் எஸ்ஸே உண்டு. காமன் ஆப்பில் (பல பல்கலைக்கழகங்களுக்கும் பொதுவான விண்ணப்பத் தளம்) அந்தப் பெட்டி கண்ணில் படாமலே போய்விடும், கவனம்.

வாண்டர்பில்ட்டில் கார்னீலியஸ் வாண்டர்பில்ட் ஸ்காலர்ஷிப் முழு டியூஷனும் ஒரு கோடைகாலத்துக்கான தொகையும் தரும். இதற்குத் தனி விண்ணப்பம் உண்டு. சேர்க்கை விண்ணப்பம் போட்ட பிறகு கிடைக்கும் கணக்கில் உள்ளே போய்ப் போட வேண்டும், அதுவும் டிசம்பர் 1. கணக்கு திறந்து வர ஓரிரு நாள் ஆகும் என்பதால் நவம்பர் நடுவிலேயே சேர்க்கை விண்ணப்பத்தை அனுப்பிவிடுவது நல்லது.

இந்த மூன்றிலும் மதிப்பெண் ஒரு வாசல்தான். உள்ளே போன பிறகு எல்லாரும் 1550க்காரர்கள். அங்கே பிரிப்பது எஸ்ஸேயும் ஆசிரியர் கடிதமும். நம் பிள்ளைகள் எழுதும் எஸ்ஸேயில் அடிக்கடி வரும் குறை, பட்டியல் போடுவது: ரோபாட்டிக்ஸ் கிளப் தலைவர், பரதநாட்டியம், தமிழ்ப் பள்ளித் தன்னார்வலர், கணித ஒலிம்பியாட். இதெல்லாம் ஆக்டிவிட்டி பகுதியிலேயே இருக்கிறது. எஸ்ஸேயில் ஒரே ஒரு விஷயத்தை எடுத்து, அதில் எது வேலை செய்யவில்லை, எதை மாற்றினாள், மாற்றிய பிறகு யாருக்கு என்ன பயன் என்று எழுதட்டும். ரோபாட் திரும்பும்போது சக்கரம் வழுக்கியது என்றால் எந்தச் சக்கரம், எந்தத் தரையில், எதைக் கழற்றி எதைப் போட்டாள் என்பதுவரை போகலாம். படிப்பவர் ஒரு நாளில் ஏராளமாகப் படிப்பவர், அவர் மனதில் நிற்பது அந்தச் சக்கரம்தான்.

ஆசிரியர் கடிதத்துக்கு 11ஆம் வகுப்பு மே மாதத்திலேயே கேளுங்கள், செப்டம்பரில் அவர்களிடம் கூட்டம் நிற்கும். ஒருவர் கணிதம் அல்லது அறிவியல், ஒருவர் ஆங்கிலம் அல்லது வரலாறு. மகள் அந்த வகுப்பில் செய்த இரண்டு வேலைகளைக் குறிப்பிட்டு ஒரு பக்கக் குறிப்பு கொடுத்தால் கடிதம் உயிரோடு வரும்.

பலர் தவறவிடும் ஒரு வழியும் இருக்கிறது. பள்ளி நேரடியாக 11ஆம் வகுப்பு மாணவரைப் பரிந்துரைக்கும் விருதுகள். ஆர்பிஐயின் ரென்சிலர் மெடல் கணிதத்திலும் அறிவியலிலும் சிறந்த ஒருவருக்கு ஒரு பள்ளிக்கு ஒன்று. ஆர்பிஐயில் சேர்க்கை கிடைத்துச் சேர்ந்தால் நான்காண்டுக்கும் உறுதியான ஸ்காலர்ஷிப். ராச்செஸ்டருக்கும் இதுபோல பாஷ் அண்ட் லாம், ஜெராக்ஸ் பெயரில் விருதுகள் உண்டு. கவுன்சிலர்தான் பெயர் அனுப்புவார். பெரிய பள்ளியில் அவருக்கு உங்கள் மகளைத் தெரிந்திருக்காது. ஜனவரியிலேயே போய், 'இந்த விருதுக்கு நம் பள்ளியில் யார் தேர்வு செய்கிறார்கள்' என்று மகளே கேட்கட்டும். எச்-4 பற்றியும் அங்கேயே தெளிவு செய்துகொள்ளலாம்.

எஸ்ஏடியைப் பொறுத்தவரை, விருப்பம் இருந்தால் மட்டும் மதிப்பெண் கொடுங்கள் என்று சொல்லும் பல்கலைக்கழகங்களிலும் மெரிட் பணத்துக்கு மதிப்பெண் கை கொடுக்கும். 11ஆம் வகுப்பு மார்ச்சில் ஒன்று, ஜூனில் ஒன்று, தேவைப்பட்டால் ஆகஸ்டில் ஒன்று. நிறைய இடங்கள் ஒவ்வொரு பிரிவிலும் சிறந்ததை எடுத்துச் சேர்த்துக்கொள்ளும். கணிதத்தில் 790ம் ஆங்கிலத்தில் 700ம் என்று வந்தால் அடுத்த முறை ஆங்கிலத்தில் மட்டும் உழைத்தால் போதும்.

கணக்குப்பிள்ளை:

நேஷனல் மெரிட்டுக்குத் தகுதி உள்ளவர்களும் இதைப் படிப்பார்கள், அவர்களுக்காக ஒரு வார்த்தை. பிஎஸ்ஏடியின் தேர்வு எண் சாதாரணக் கூட்டல் இல்லை. ஆங்கில மதிப்பெண்ணை இரண்டால் பெருக்கி, கணிதத்தைக் கூட்டி, பத்தால் வகுப்பார்கள். ஒரு பிரிவுக்கு உச்சம் 760. கணிதம் 760, ஆங்கிலம் 720 என்றால் 220. அதையே மாற்றிப் போட்டு ஆங்கிலம் 760, கணிதம் 720 என்றால் 224. இரண்டு பேருக்கும் மொத்தம் 1480தான். நியூ ஜெர்சியிலும் மாசசூசெட்ஸிலும் கட்-ஆஃப் நாட்டிலேயே மிக உயரத்தில் இருப்பதால் இந்த நான்கு புள்ளியில் ஃபைனலிஸ்ட் வாய்ப்பே போய்விடும். கணிதம் ஏற்கெனவே கைக்குள் இருக்கும் நம் வீட்டுப் பிள்ளைகள் கோடையில் மறுபடி கணிதத்தையே போட்டு அரைப்பது வீண். வாசிப்பிலும் இலக்கணத்திலும் நேரம் போடுங்கள். நேஷனல் மெரிட் கொடுக்கும் நேரடிப் பணம் ஒரு தடவை 2,500 டாலர்தான். அந்தப் பட்டத்தை வைத்துப் பல்கலைக்கழகங்கள் தாமாகக் கொடுப்பதுதான் பெரிசு.

எடிசன்_அப்பா:

மிக்க நன்றி எல்லாருக்கும். நேஷனல் மெரிட் எங்களுக்கு இல்லை என்பது இப்போதாவது தெரிந்ததே. இன்னும் இரண்டு கேள்வி. ஏர்லி டிசிஷனில், அதாவது ஒரே இடத்துக்கு முன்கூட்டியே, போட்டால் சேர்க்கை எளிது என்கிறார்கள், மெரிட் பணத்துக்கும் உதவுமா? இரண்டாவது, 'ஆண்டுக்கு 30,000' என்பதும் 'பாதி டியூஷன்' என்பதும் ஒன்றுதானா?

கணக்குப்பிள்ளை:

ஏர்லி டிசிஷன் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். கிடைத்தால் போய்த்தான் ஆக வேண்டும், மற்ற விண்ணப்பங்களைத் திரும்பப் பெற வேண்டும். நான் மேலே சொன்ன காரணத்தை நினைத்துப் பாருங்கள்: வேறு இடத்துக்குப் போய்விடக்கூடிய பிள்ளைக்குத்தான் இழுப்புப் பணம். வந்தே தீருவேன் என்று கையெழுத்துப் போட்டவரை இழுக்க வேண்டிய அவசியம் என்ன? சில இடங்கள் ஏர்லி டிசிஷனிலும் மெரிட் கொடுக்கின்றன. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கும் உரிமையை நீங்கள் இழந்துவிடுகிறீர்கள். ஆண்டுக்கு 40,000தான் என்று கோடு போட்டிருக்கும் குடும்பத்துக்கு ஏர்லி ஆக்‌ஷன் மட்டுமே ஏற்றது. அது கட்டுப்படுத்தாது, மே 1 வரை எல்லாக் கடிதங்களையும் வரிசையாக வைத்துப் பார்க்கலாம்.

இரண்டாவது கேள்விக்கு விடை, ஒன்றில்லை. டியூஷன் இன்று 60,000, ஆண்டுக்கு 4 சதவீதம் ஏறுகிறது என்று வையுங்கள். 60,000, 62,400, 64,896, 67,492. மொத்தம் 2,54,788. பாதி டியூஷன் என்றால் நான்காண்டில் 1,27,394 கிடைக்கும். ஆண்டுக்கு 30,000 என்றால் 1,20,000. முதலாண்டில் இரண்டும் சமமாகத் தெரியும், நான்காம் ஆண்டில் டியூஷனுக்கு நீங்கள் கட்டுவது 33,746ஆ 37,492ஆ என்பதில் வித்தியாசம் வெளிவரும். ஹாஸ்டலும் சாப்பாடும் ஏறுவது தனி. பட்ஜெட்டை முதலாண்டு பில்லை வைத்துப் போடாமல் நான்காம் ஆண்டு பில்லை வைத்துப் போடுங்கள்.

உங்கள் 40,000 கோட்டுக்கு வருவோம். டியூஷன் 66,000, கட்டணங்கள் 2,000, ஹாஸ்டலும் சாப்பாடும் 19,000, புத்தகம், பயணம், மற்றவை 5,000 என்று 92,000 ஆகும் ஓர் இடம். 25,000 ஸ்காலர்ஷிப் கிடைத்தாலும் 67,000 மிச்சம். பாதி டியூஷனுக்கும் 59,000. முழு டியூஷன் வந்தால்தான் 26,000க்கு இறங்கி உங்கள் கைக்குள் வருகிறது. ஆகவே 90,000 டாலர் இடங்களில் முழு டியூஷன் மட்டும்தான் உங்களுக்கு உதவும், அது கிடைப்பவர் மிகச் சிலர். மொத்தச் செலவு 70,000 அளவில் உள்ள இடத்தில் 30,000 கிடைத்தாலே போதும். தேட வேண்டியது அந்த இரண்டாவது வகையை. பட்டியலில் முதல் வகை மூன்று, இரண்டாம் வகை ஐந்து, நிச்சயமாகக் கட்ட முடிகிற அரசுப் பல்கலைக்கழகம் இரண்டு என்று வைத்தால் ஏப்ரலில் கை பிசைய வேண்டியிருக்காது.

ஸ்காலர்ஷிப் கடிதம் வந்ததும் புதுப்பிக்கும் நிபந்தனையைப் படியுங்கள். பொதுவாக எட்டு செமஸ்டர், முழுநேரப் படிப்பு, குறைந்தபட்ச ஜிபிஏ. அந்த ஜிபிஏ 3.0 என்றால் சமாளிக்கலாம். 3.5 என்றால் பொறியியலில் முதலாண்டு கால்குலஸ், பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி மூன்றும் சேர்ந்து வரும்போது கஷ்டம். ஆண்டு முடிவில் பார்க்கிறார்களா, ஒவ்வொரு செமஸ்டரும் பார்க்கிறார்களா, ஒரு முறை சறுக்கினால் எச்சரிக்கை செமஸ்டர் உண்டா என்று கேளுங்கள். துறை மாறினால் நிற்குமா என்பதும் கேள்விதான். சில ஸ்காலர்ஷிப்புகள் பொறியியல் கல்லூரியின் பணம், கம்ப்யூட்டர் சயின்ஸ் வேறு கல்லூரியில் இருந்தால் மாறிய நாளோடு போய்விடும். உங்கள் மகள் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பதால் இது உங்களுக்கு நேரடியாகப் பொருந்தும்.

வரி பற்றியும் ஒரு குறிப்பு. டியூஷன், கட்டாயக் கட்டணம், பாடப் புத்தகம் ஆகியவற்றுக்குப் போகும் ஸ்காலர்ஷிப்புக்கு வரி இல்லை. ஹாஸ்டலுக்கும் சாப்பாட்டுக்கும் போகும் பகுதி மாணவரின் வருமானம். 2024 வரி ஆண்டை எடுத்தால் 14,600 டாலர் வரை நிலைக்கழிவு (ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன்) காப்பாற்றும், அதற்கு மேல் போனால் பெற்றோரின் வரி விகிதம்கூட வரலாம். கல்லூரிச் செலவுக்கான 529 கணக்கில் சேமித்திருந்தால், வரியில்லா ஸ்காலர்ஷிப் எவ்வளவோ அவ்வளவை 10 சதவீத அபராதம் இல்லாமல் எடுத்துவிடலாம். அதில் விளைந்த லாபத்துக்கு மட்டும் வருமான வரி கட்ட வேண்டும்.

மரகதம்:

எய்டு ஆபிஸுக்கு மெயில் போடணும்னு சொன்னேன், எப்படிப் போடறதுன்னு தனிச் செய்தியில சிலர் கேட்டிருக்காங்க. இங்கயே சொல்லிடறேன். செப்டம்பர்லயே அனுப்புங்க, நவம்பர்ல பதில் வர நாளாகும். மகள் பேரில், மகளோட மெயில்லேர்ந்து போகட்டும். முதல் வரியிலேயே நிலைமை: எச்-4 விசா, அமெரிக்கப் பள்ளியில இத்தனை வருஷமா படிக்கிறேன், இந்த வருஷம் சேரப்போறேன். அப்புறம் மூணே கேள்வி. இந்த ஸ்காலர்ஷிப்புக்கு (பேரைக் குறிப்பிட்டு) எச்-4 மாணவர் தகுதியா? தகுதின்னா ஃபாஃப்ஸாவுக்கு பதிலா எந்தப் படிவம்? நடுவில் எஃப்-1க்கோ கிரீன் கார்டுக்கோ மாறினா அதே தொகை தொடருமா? பதில் வந்ததை பிடிஎஃப்பா சேமிச்சு பல்கலைக்கழகம் பேர்ல ஒரு ஃபோல்டர்ல போட்டு வைங்க.

காமன் ஆப்ல 'பண உதவிக்கு விண்ணப்பிக்கிறீர்களா'ன்னு ஒரு கேள்வி வரும். அது வருமானம் பார்த்துக் கொடுக்கிற உதவியைப் பத்தினது. வெளிநாட்டுக் கணக்குல வெக்கிற நிறைய இடங்கள்ல ஆம்னு போட்டா சேர்க்கை முடிவுலயே அது எடைபோடப்படும். மெரிட் மட்டும் போதும்னா 'இல்லை'ன்னு போடலாம், பெரும்பாலான இடங்கள்ல மெரிட்டுக்கு அதனால பாதிப்பு இல்ல. ஆனா முதல் வருஷம் இல்லைன்னு போட்டவங்க அடுத்த வருஷங்கள்ல கேட்கவே முடியாதுங்கிற விதி சில இடங்கள்ல இருக்கு. வீட்ல ஒருத்தர் வேலை போனாலும் கிடைக்காது. எச்-1பி குடும்பத்துக்கு இது சின்ன விஷயமில்ல, அந்தக் கேள்விக்கு டிக் பண்றதுக்கு முன்னாடி நீங்க ரெண்டு பேரும் உட்கார்ந்து பேசிடுங்க.

சாரல்:

ஏப்ரலில் செய்யக்கூடியது ஒன்று பாக்கி. இரண்டு பல்கலைக்கழகங்களிலிருந்து கடிதம் வந்து, பிடித்த இடத்தில் தொகை குறைவாக இருந்தால் மறுபரிசீலனை கேட்கலாம். சேர்க்கை அலுவலகத்துக்கு எழுதுங்கள், மெரிட்டை முடிவு செய்வது பல இடங்களில் அவர்கள்தான். அதே தரத்தில் உள்ள இன்னொரு பல்கலைக்கழகத்தின் கடித நகலை இணையுங்கள். விண்ணப்பம் போட்ட பிறகு வந்த புதுச் செய்தி இருந்தால், அதாவது செமஸ்டர் மார்க், ஏதாவது போட்டியில் பரிசு, அதையும் சேருங்கள். எத்தனை டாலர் குறைகிறது என்று எண்ணிலேயே சொல்லுங்கள்: '6,000 டாலர் கூடினால் நாங்கள் இன்றே சேருகிறோம்' என்பதுபோல. முழு டியூஷன் ஸ்காலர்ஷிப்பை இப்படிக் கேட்டு வாங்க முடியாது, அவை குழு கூடி முடிவெடுத்தவை. இரண்டாயிரம் முதல் ஐந்தாறாயிரம் வரை நகர வாய்ப்புண்டு. மே 1க்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பாகக் கேட்டுவிடுங்கள், கடைசி வாரத்தில் கேட்டால் அவர்களிடம் மிச்சப் பணம் இருக்காது.